ரெண்டு ரூபாய்

பட்ஜெட் வாசித்த மறுநாள்
ஏஜென்சிக்காரன் போனை எடுக்கவில்லை.
சாயங்காலம் எடுத்து, சரக்கு இல்லை என்றான்.
குடோனில் இருப்பது எனக்கும் தெரியும்,
அவன் சைக்கிளுக்கும் தெரியும்.
நாலாம் நாள் வந்தது, புது விலையோடு.
பத்து ரூபாய் ஃபில்டர் பன்னிரண்டு.

பத்து என்பது ஒரு தாள்.
நீட்டினால் முடிந்தது.
கை கொடுக்கும், கை வாங்கும்,
தொங்குகிற கயிற்று நெருப்புக்கு
முகம் குனியும்.
பதினேழு வருஷமாகக் கீழமாரட் வீதி முக்கில்
நான் பார்த்தவரை
இடையில் யாரும் எதையும் நினைத்ததில்லை.

பன்னிரண்டுக்குத் தேட வேண்டியிருக்கிறது.
சட்டைப்பை, டவுசர் பை,
மடிப்புக்குள் பஸ் டிக்கெட்,
பாதி தின்ற மாத்திரை அட்டை.
தேடுகிற நேரம் ஆள் சும்மா நிற்கிறான்.
சும்மா நிற்கிறவனுக்கு
என்னென்னவோ கண்ணில் படுகிறது.
பெட்டியில் இருக்கிற அழுகின வாய், உதாரணமாக.
கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துத்தான்
இத்தனை நாளும் எடுத்துக் கொடுத்தேன்.
இப்போது கையும் வலிக்கிறது,
எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருப்பது?

"கவருமெண்டு நம்ம நெஞ்சுக்குள்ள கைய விடுதுண்ணே"
என்றான் லோடுமேன் சோனைமுத்து.
நெஞ்சுக்குள்ள இல்லடா, பைக்குள்ள.
"ரெண்டும் ஒரே எடந்தான"
சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்,
தட்டியதில் இருமல் வந்துவிட்டது.

அவனும் சிக்கந்தரும் இப்போது ஒன்று வாங்கி
ஆளுக்குப் பாதி.
முன்பாதி யாருக்கு என்று தினமும் சண்டை போடுறாய்ங்க.
மூணு பேர் பீடிக்கு இறங்கிட்டாய்ங்க.
லாரி செட் முதலாளி ஐந்நூறு தாளை நீட்டி
மீதியை எண்ணாமல் போனார்.
ஏறினதே அவருக்குத் தெரியாது.

வெங்காய மண்டி கணக்கர் தில்லைராஜன் மட்டும்
என் கடை அட்டையில் பேனாவால் கணக்குப் போட்டார்.
நாளைக்கு அஞ்சு. அஞ்சுக்கு ஏறினது பத்து.
மாசம் முந்நூறு.
மொத்தத்தையும் போட்டுப் பாருங்களேன் என்றேன்.
"அது வேணாம்" என்று மூடியை மாட்டினார்.
வீட்டில் போட்டிருப்பார் போல.
மூணாவது வாரம்
எதிர்ச்சாரியில் பருத்திப்பால் குடித்துவிட்டு
கடன்காரன் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.
ஒரு பைசா பாக்கி கிடையாது.

கோபம் வரத்தான் செய்தது.
பெட்டிக்கு எனக்கு நிற்பது எவ்வளவு என்று
டெல்லியில் எவனுக்குத் தெரியும்?
நாட்டுப்பழத் தார் ஒன்று வாங்கிக் கட்டினேன்.
விற்காத பழம் கடையிலேயே கறுக்கிறது.
சிகரெட் அப்படியில்லை,
விற்றபிறகுதான்.

ஜெயக்கொடி ராத்திரி நோட்டை விரித்தாள்.
"பெட்டிக்குப் பத்து. வித்தது ஒம்பது, எட்டு.
எலி தூக்குதா?"
கல்லாவும் உதடும் ஒரே ஆளுடையது,
அவளுக்குத் தெரியாததா?
"எலிக்கும் வெலை ஏறியிருக்கு.
பன்னெண்டப் போட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க."

பதினோரு மணி.
வெங்காய லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது,
ரைட்டு, ரைட்டு, ரைட்டு.
நான் கடையை விட்டு இறங்கி
ரோட்டுப் பக்கம் வந்து நின்றேன்.
என் கடையை இந்தப் பக்கமிருந்து
பார்த்து நாளாகிறது. சின்னதுதான்.
பத்து ரூபாய்த் தாளை வைத்தேன்.
ரெண்டு ரூபாய்க்குத் தேடினேன்.
சாவி, கோயில் திருநீறு மடித்த தாள்,
மகன் பள்ளிக்கூட ரசீது.
கல்லாவில் காசு கிடக்கிறது,
எடுத்துப் போட்டால்
அது கடை காசா, என் காசா?

சில்லறை இல்லண்ணே, என்றேன்
உள்ளே இருக்கவேண்டிய என் குரலில்,
வெளியே நிற்கிற எனக்கு.
கயிறு புகைந்துகொண்டிருந்தது.
தாளை எடுத்துக்கொண்டேன்.

ஒரு ராத்திரிதான்.
காலையில் தேனி வண்டி கண்டக்டர்
ஒரு பை சில்லறை தருவதாகச் சொல்லியிருக்கிறான்.