எழுந்தவுடன்

ஆளுக்கு நான்கு குழாய்.
நீல மூடி எழுந்தவுடன்,
மஞ்சள் அதற்கு அரைமணி கழித்து,
பச்சை நடுப்பகல்,
வெள்ளை படுக்கப் போகும்முன்.
அறுபத்திரண்டு பேர், மூன்று ஊர்,
என் ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில்
சோமனூர் மீன்கடை ஐஸ் நிரப்பிய பெட்டி.

கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்:
உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குதுங்,
கார்டிசால்னு ஒரு சுரப்பு,
விடியக்காலம் ஏறும், ராத்திரி இறங்கும்.
ராவெல்லாம் வேலை செய்யறவங்களுக்கு
அது என்ன ஆகுதுன்னு பாக்கறோம்.
சர்க்கரைக்கும் இடுப்புச் சுத்தளவுக்கும் அதுக்கும்
என்னமோ கணக்கு இருக்குதுங்.
ரத்தம் வேண்டாம், எச்சில் போதும்.

"எச்சிலுக்கா எரநூறு ரூவா?"
என்றாள் துளசிமணி,
முப்பத்தொன்பதாவது ஆள்,
தறிக்குடோனில் எட்டுத் தறியை ஒருத்தியாக ஓட்டுகிறவள்.
பஞ்சுத் தூசியில் வாய் வறண்டு
குழாயின் அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை.
பெருநெல்லிக்காயை நெனச்சுக்குங், என்றேன்.
அவள் எதையோ நினைத்தாள்,
எதையென்று சொல்லவில்லை,
சிரித்துக்கொண்டே
கோடு வரைக்கும் துப்பிக் கொடுத்தாள்.

தறிச் சத்தத்தில் பேச்சை
உதட்டைப் பார்த்துத்தான் படிக்கவேண்டும்.
"எழுந்தவுடன்னா எப்பங்?"

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
அவள் விரலை மடக்கினாள்:
எட்டு மணிக்குப் போய்ப் படுத்தா
பதனொண்ணுக்கு நல்லதண்ணி வர்றப்ப ஒருக்கா.
சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு
வந்து கதவத் தட்டறப்ப ஒருக்கா.
அப்பறம் இங்க.
கரண்ட் போனாத் தறி நிக்கும்,
தறி நின்னா நூல்மூட்டை மேலயே சாஞ்சுருவேன்,
கரண்ட் வந்தா எட்டும் ஒண்ணா அடிக்கும்,
தூக்கிவாரிப் போடும்ங்.
"அதுவும் எழுந்தவுடன்தானுங்?"

ஆய்வு விதிமுறையைப் புரட்டிப் பார்த்தேன்.
எண்பத்துநான்கு பக்கம்.
தூக்கம் என்றால் என்னவென்று
எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வியாழன் பின்னிரவு மூன்று பத்துக்கு
நீல மூடிக் குழாயை நிரப்பி
முதலாளி வீட்டு ஃப்ரிட்ஜில்
மல்லித்தழைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.
அதற்காக அந்த வீட்டம்மாவிடம்
நான் வாங்கிய பேச்சு தனி.

கோயமுத்தூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது.
பாடத்தில் அந்தக் கோடு
ஊதியூர் மலை மாதிரி
வெறும் தரையிலிருந்து திடுமென எழுந்து
மெல்லச் சரியவேண்டும்.
இவளுக்கு மூன்று புள்ளிகள்
மழை காணாத மேட்டாங்காடாய் மட்டமாகக் கிடக்க,
நீலத்தில் மட்டும் ஒரு வேலாமுள்.

விலகிய புள்ளி என்று வட்டம் போட்டார்
புள்ளியியல் பார்க்கும் அருட்செல்வம்.
"இத எடுத்துட்டா மேடம், சராசரி நேரா வந்துரும்."
மேடம் என் பக்கம் திரும்பினார்.
நான் எச்சில் சுமக்கிறவள்,
சராசரியைப் பற்றி
என்னை யாரும் கேட்டதில்லை.
"அன்னிக்கு ரெண்டு மணிநேரம்
கரண்ட் இல்லைங்க மேடம்," என்றேன்.
அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

புள்ளி இப்போதைக்கு இருக்கிறது,
அடிக்குறிப்போடு.

இரண்டாம் கட்டப் படிவத்தில்
பதினேழாவது கேள்வி நான் சேர்த்தது:
நேற்றிரவு மின்சாரம்
எத்தனை முறை போய் வந்தது?
நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியிருக்கிறது.
ஹார்மோனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு, விளக்குக.
விளக்குவதற்கு மூன்று வரி இடம்.
இரண்டு வாரமாகப் பையிலேயே இருக்கிறது.

போகும்போதெல்லாம் துளசிமணி கேட்கிறாள்,
"என்னோடது எப்படி வந்துதுங்?"
தனியாள் முடிவைச் சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இருக்குதுங், என்கிறேன்.
எடுக்கலைங்.
அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை,
நாலாம் தறியில் நூல் அறுந்து ஓடிவிட்டாள்.
நான் இன்னும் ஐஸ் வாங்கவேண்டும்.
மீன்கடை ஒன்பதுக்கெல்லாம் சாத்திவிடும்.