மக்னீசியம், இரண்டு அளவு

நோய்க் காப்பீட்டு நிதியம் அனுப்பிய மூவர் நாங்கள்.
ஹெர் ட்ஸீமர் கேள்வி கேட்பார்,
ப்ருக்மன் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவான்,
நான் அளவுநாடா, தூள் டப்பா, தீக்குச்சி.

பெர்லின், வெடிங், பிப்ரவரி.
ஒரு முற்றம் தாண்டி இன்னொன்று,
அதையும் தாண்டி ஒன்று,
பிறகு பதினோரு படி கீழே.

ஆல்வீனே க்ராஸ்னிக் அட்டையில் பொத்தான் தைக்கிறவள்.
பன்னிரண்டு டஜனுக்கு என்ன கூலி என்றார்.
சொன்னாள்.
ட்ஸீமர் மறுபடி கேட்டார், காது மந்தமானவர் போல.

நாங்கள் வருவதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
பிள்ளைகளுக்குத் தண்ணீர் தொட்டுத் தலை வாரியிருந்தாள்.
மேஜையில் வெள்ளை விரிப்பு, மடிப்புக் கலையாதது,
பக்கத்து வீட்டுக்காரியுடையது.
"அதை எடுத்துவிடலாமே" என்றார் ட்ஸீமர், தன்மையாகத்தான்.
அவள் எடுக்கவில்லை.
காபி வைக்கப் போகிறவள் போல
அதன் ஓரத்தை நீவிவிட்டாள்.

நீளம் நான்கு மீட்டர் பத்து. அகலம் இரண்டு எழுபது.
உயரத்துக்கு நாடா வேண்டியிருக்கவில்லை,
என் தொப்பி சொன்னது.
ஆட்கள் ஆறு. போர்வைக்கடியில் ஏழாவதாக
பகலுக்கு மட்டும் கட்டிலை வாடகைக்கு எடுத்தவன்.
அவனைக் கணக்கில் சேர்ப்பதா என்று
கொஞ்ச நேரம் பேசினோம்.
அவன் புரண்டு படுத்தான்.

அசையாதீர்கள் என்றான் ப்ருக்மன்.
கொளுத்தினேன்.

அந்த வீட்டுக்கு வெயில் என்பது
படி இறங்கும்போதே களைத்துப்போகிற ஒன்று.
இப்போது மொத்தமும் வந்து நின்று, போயிற்று.
புகை. இளையவன் இருமினான்.

அவள் மட்டும் காமிராவைப் பார்த்திருக்கவில்லை.
"அங்கே, அந்த மூலைச் சுவரில்," என்றாள்,
"கறுப்பாக, தரையிலிருந்து தோள் வரைக்கும்.
அங்கேதான் மின்னாவைப் படுக்க வைத்திருந்தேன்."
ட்ஸீமரின் தாளில் ஏற்கனவே இருந்தது அந்தப் பெயர்:
நான்கு வயது, நுரையீரல், நவம்பர்.

"இன்னொரு தடவை கொளுத்துங்கள்.
படம் வேண்டாம்."

ஓர் அறைக்கு ஓர் அளவு, அது விதி.
ட்ஸீமர் கடிகாரத்தைப் பார்த்தார்,
ப்ருக்மன் என்னைப் பார்த்தான்.
தூளைக் கொட்டினேன்.
இந்த முறை யாரையும் அசையாதிருக்கச் சொல்லவில்லை.
அவள் மூலைக்கே போனாள்,
சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள்,
இமை மூடாமலிருக்க விரல்களால் பிடித்துக்கொண்டு.

மாலையில் செலவுக் கணக்கு எழுதினேன்.
கண்ணாடித் தகடு, ஒன்று. மக்னீசியம், இரண்டு அளவு.
காரணம் என்ற கட்டத்தில்
ஈரம் என்று எழுதினேன்.
கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

படம் நன்றாகவே வந்தது, அறிக்கையில் பதினேழாம் பக்கம்.
புரட்டிப் பார்த்த கனவான் ஒருவர்
விரிப்பெல்லாம் இருக்கிறதே என்றாராம்.