அறை எண் 9

லாட்ஜ் ஃப்ரிட்ஜில்
இன்சுலின் புட்டிகளுக்கு நடுவே
செய்தித்தாள் சுற்றிய ஒரு கிழங்கு தூங்கியது.
மேலே என் கையெழுத்தில்: அறை எண் 9.

காலிம்போங் பேமா கொடுத்தது.
கணவரை இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தபோது
பெட்டியில் துணிக்கு அடியில் இருந்தது.
ஹோஸ்டா. நீல இலை.
முறம் அளவு, என்று கைவிரித்துக் காட்டினாள்.
பத்து வாரம் குளிரில் தூங்காவிட்டால் எழாதாம்.

வேலூரில் குளிர்காலம்
மார்கழியில் ஐந்தரை மணிக்கு வந்து
ஏழுக்குள் போய்விடும்.
மீதியை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டது.
கரண்ட் போன நாட்களில்
முதல் ஐஸ் ஊசிமருந்துக்கு,
மிஞ்சியது கிழங்குக்கு.

மாசியில் நட்டேன்,
எங்கள் சுவருக்கும் மெடிக்கல் ஷாப் சுவருக்கும் இடையே
வெயில் நுழையாத நாலடிச் சந்தில்.
பன்னிரண்டு ஏசி சொட்டும் தண்ணீர்
போதுமானதாக இருந்தது.

சுருட்டிய ரசீது போல முளை.
அப்புறம் ஒரு இலை. உள்ளங்கை அகலம்.
ஆனால் நீலம்!
பன்னீர் திராட்சை மேல் படிந்திருக்குமே
அந்தச் சாம்பல் பூச்சு.

நாலாம் அறைப் பையன் கட்டைவிரலால் தேய்த்தான்.
நீலம் விரலோடு வந்துவிட்டது,
அடியில் வெறும் பச்சை.
திட்ட வாயெடுத்தேன்.
அவன் புறங்கையில்
ட்ரிப்ஸ் ஊசியின் பிளாஸ்திரி.
இன்னொரு தடவை தேய்க்கிறாயா என்று கேட்டேன்.

சித்திரையில் ஓரமெல்லாம் கருகியது.
ராத்திரி பத்துக்கும் சுவர் சுட்டது.
ஏசித் தண்ணீரே வெந்நீராய்ச் சொட்டிய ஒரு நாள்
பேமா போன் செய்தாள்.

எவ்வளவு பெரிசு?
முறம் அளவு, என்றேன்.

அவர் எப்படி இருக்கிறார்?
கொஞ்சம் பொறுத்து,
நல்லா இருக்கார், என்றாள்.