ஒன்பதாவது போல்ட்

கெயோன் ஊரில் நெடுஞ்சாலை முடிகிறது.
அதற்கப்பால் கடல், மழை,
மட்டி வளர்க்கும் கயிறுகள், என் பட்டறை.

ஏலத்தில் எடுத்த நாற்பது குதிரை எஞ்சினை
ருதெசிந்தோ கைவண்டியில் தள்ளி வந்தான்.
பாங்கு யாரிடமிருந்தோ பிடுங்கியது.
"எக்ஸாஸ்ட் மூடியைத் திறந்து பாரு, ஒதிலியா.
உள்ளே என்ன குடியிருக்கோ."

பன்னிரண்டு போல்ட்.
பார்த்ததும் வயிறு கலங்கியது.
எஃகு போல்ட், அலுமினிய உடம்பு, நடுவே உப்புத்தண்ணீர்:
மூன்றும் சேர்ந்தால் அது ஒரு பாட்டரி,
யாருக்கும் விளக்கெரிக்காத பாட்டரி.
அலுமினியம் சிவந்து துருப்பிடிக்காது.
வெள்ளை மாவாய்ப் பொங்கி
மரைகளுக்குள் இறுகும்.
பிறகு போல்ட் சுழலாது, தலை மட்டும் கையோடு வரும்.
அப்போது சொல்லவேண்டிய வார்த்தைகள் எல்லாம்
என் சுவர்களுக்கு மனப்பாடம்.

டார்ச்சைப் பற்றவைத்தேன்.
முதல் தலையில் சுத்தியலால் நாலு தட்டு.
ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து,

சுழன்றது.
ஜாம் புட்டி மூடி போலச் சுழன்றது.

மரை முழுக்கச் சாம்பல்நிறப் பசை.
செம்புத்தூள் கலந்த வகை அல்ல;
செம்பும் அலுமினியமும் ஒத்துப்போகாத சம்பந்திகள்.
தெரிந்துதான் வாங்கியிருக்கிறான் எவனோ.

இரண்டு. மூன்று. ஐந்தில் டார்ச்சை அணைத்தேன்.
எட்டில் தேநீர் போட்டுக்கொண்டேன்.

வருஷம் ஒருமுறை,
கழற்றவேண்டிய அவசியமே இல்லாதபோது,
ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, பூசி, மாட்டியிருக்கிறான்.
கரை சேர்ந்த ஒவ்வொரு மாலையும்
எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டியிருக்கிறான்,
நீர்ப்பாதையில் ஒரு கல் உப்பு இல்லை.
துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தது.
கரைவதற்கென்றே வைத்த உலோகம்,
அதன்மேல் பெயிண்ட் அடிக்காத புத்திசாலி.
முன்பின் தெரியாத ஒருவன்
முன்பின் தெரியாத என் மணிக்கட்டை
நினைத்துப் பார்த்திருக்கிறான்.
பதினோரு வருஷம் என்னோடு இருந்தவனுக்கு
அது தோன்றியதில்லை.

ஒன்பதாவது உடைந்தது.
பெரிய சத்தமில்லை. பிஸ்கட் மாதிரி.
உள்ளே வெறும் வெள்ளை மாவு.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு வழுக்கிக்கொண்டு வந்தன.

ஏன் அது மட்டும்?

இடது சுற்று துரப்பணத்தை வைத்துக்
கால் மில்லிமீட்டராய் உள்ளே இறங்கினேன்,
இரண்டு இரவு.
இறங்க இறங்க அவனுக்குக் கதை கட்டினேன்.
அந்த நேரம் போன் வந்திருக்கும்.
பிரசவ வலி, யாருக்கோ. அல்லது பாங்கின் முதல் கடிதம்.
எட்டுவரை எண்ணியவன் நிமிர்ந்து பார்த்தபோது
அந்த நாள் அவனுடையதாக இருந்திருக்காது.
புது மரை வெட்டும்போது எனக்குக் கண்கூடக் கலங்கியது.
துரப்பணப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில், படகுத்துறை வரிசையில்,
பின்னால் நின்றவர் கேட்டார்:
"மூடியில் வெள்ளைக் கீறல் போட்ட நாற்பது குதிரை,
உங்க பட்டறைக்கு வந்ததாமே? ஓடுதா?"
எரிபெர்த்தோ சிகுவாய். குள்ளம். பல்லிடுக்கில் தீக்குச்சி.

ஓடுது என்றேன். அப்புறம் தாங்காமல்,
"அந்த ஒன்பதாவது போல்ட்?"

யோசித்தார்.
மழை எங்கள் இருவர் மேலும் சமமாய்ப் பெய்தது.
"ஓ, அதுவா. கைநழுவிக் கடல்ல விழுந்துச்சு.
சட்டைப்பையில இருந்த ஒண்ண மாட்டினேன்.
அப்புறம் பூசிக்கலாம்னு."

அவ்வளவுதான்.
போன் இல்லை, பிரசவம் இல்லை.
அப்புறம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக
இரண்டு இரவு என் தோள் எரிந்தது.

"இப்போ சால்மன் கம்பெனிப் படகு," என்றார்.
"எஞ்சினும் அவங்களது, போல்ட்டும் அவங்களது.
ரிப்பேர்னா புதுசு வாங்கிப் போட்டுடுவாங்க.
நமக்கென்ன."

டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்.
பத்து நகத்தின் ஓரத்திலும்
சாம்பல்நிறப் பசை.