ஏழு பிரேம்

"என்ரை வலக்கண்ணிலை தொடங்குங்கோ" என்றாள் துஷாந்தினி.
கருவிழிக்குள் புகுந்து
மண்டபத்துச் சரவிளக்கில் வெளியே வரவேண்டுமாம்.
"வெட்டு இருக்கிறதே தெரியக்கூடாது அக்கா.
வழுக்கிக்கொண்டு போகோணும்."

ஓல்டன். தண்டவாளத்தைப் பார்த்த மூன்றாம் மாடி.
பாசலுக்கு ரயில் போகும்போதெல்லாம்
திரையில் மாப்பிள்ளை சற்றே நடுங்குகிறார்.
ஆரெ ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி
நான்கு நாளாய் வீடு திரும்பவில்லை.
பகலில் ஹெர்கிங்கனில் பார்சல் பிரிக்கிறேன்,
இரவில் பிறர் கலியாணங்களைப் பிரித்துச் சேர்க்கிறேன்.

முதலில் நேர்கோடாய்ப் போட்டேன்:
நூறிலிருந்து முந்நூறுக்கு, பன்னிரண்டு பிரேமில்.
இருட்டில் கதவில் முட்டியது போலிருந்தது.
உயிருள்ள எதுவும் நேர்கோட்டில் நகர்வதில்லை.
கோப்பைக்கு நீளும் கைகூடத்
தயங்கி, விரைந்து, பிடியருகே மறுபடி தயங்குகிறது.
இரண்டு கீஃபிரேம்களின் கொம்புகளையும் பிடித்து இழுத்தேன்.
இழுக்க இழுக்க ஒரு குன்று எழுந்தது;
அதன் உயரம்தான் வேகம்.

வெட்டு, உச்சியில்.
மெதுவான இடத்தில் வெட்டுபவன் அகப்பட்டுக்கொள்வான்.
போன வேகமும் வந்த வேகமும் ஒன்றானால்
நடுவில் உலகம் மாறியதை ஒருவரும் கேட்பதில்லை.
பனிமூட்டத்தோடு ஹவென்ஸ்டைன் சுரங்கத்தில் நுழைந்த ரயில்
மறுபுறம் வெயிலில் வரும்போது
கைப்பேசியிலிருந்து நிமிர்பவர் எத்தனை பேர்?

பிறகு விளிம்பு.
வந்துசேரும் படம் மூன்றிலொன்றாய்ச் சிறுத்துத் தொடங்கும்,
சுற்றிலும் கறுப்பு.
கறுப்பை மறைக்க ஓரங்களைக்
கண்ணாடிபோல் மடித்து ஒட்டவேண்டும்:
தூணோடு தூண், வாழையோடு வாழை,
ஐஸ்கிரீம் தின்னும் பிள்ளையோடு
இடக்கையால் ஐஸ்கிரீம் தின்னும் அதே பிள்ளை.

மண்டபத்தின் வலது கீழ்மூலையில்
கோட்டைக் கழற்றாமல் நின்றார் ஒருவர்.
கையில் ஈரக்குடை.

எனக்குப் பட்டியல் வந்திருந்தது.
கேக் வெட்டு கட்டாயம் வேணும்.
பெரியம்மா அழுதது வேண்டாம்.
அப்பா எங்கேயும் வரக்கூடாது.
காரணம் எழுதவில்லை. கேட்பது என் வேலையுமில்லை.
தாலி கட்டும்போது வாசலில் தெரிந்தவரை வெட்டினேன்.
அறுகரிசி போட்ட வரிசையில்
அவரை வெட்டத் தேவையிருக்கவில்லை.

வலது ஓரத்தை மடித்தேன்: இருவரானார்.
கீழோரத்தை மடித்தேன்: நால்வர்,
தோளோடு தோள், இருவர் தலைகீழாய்,
நான்கு குடைகளும் ஒரே புள்ளியை நோக்கி.
மேலே அசைவு மங்கலைப் பூசினேன்.
நால்வரும் சாம்பல் கீற்றானார்கள்.
படம் வளர்ந்து சரவிளக்கில் நிற்கும்போது
சட்டகத்துக்கு வெளியே போயிருந்தார்கள்.

ஏழு பிரேம்.
ஒரு வினாடியின் கால்பங்குக்குச் சற்றே மேல்.
படத்தை இரண்டு விரற்கடை நகர்த்தியிருக்கலாம்.
மணி ஒன்றரை, ஐந்துக்குப் பார்சல்.
அதுதான் காரணமென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய அன்றே பதில்: சூம் சூப்பர், மூன்று இதயம்.
மாமியார் இரண்டுதரம் போட்டுப் பார்த்தாவாம்.

ஞாயிறு இரவு வெறும் எண் வந்தது:
பதினான்கு நிமிடம், முப்பத்திரண்டு வினாடி.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது. மறுபடி எழுதுகிறாள்.
ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்துபோனது.

"அக்கா, அந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக்கேலுமோ?"

எவ்வளவு என்று கேட்டேன்.
"உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியாது.
குன்றின் உச்சியைப் பிடித்து அமுக்கினேன்.
ஒன்பது பிரேம். பதினொன்று.
பதினான்கில் குடை குடையாகத் தெரிந்தது,
அதன் நுனியில் ஒரு துளி.
பதின்மூன்றுக்குத் திரும்பி வந்து
ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தேன்.