மாதாவின் முதுகு

வில்லியனூர்த் தேரில்
மாதாவின் முகத்தை நான் பார்த்ததில்லை.
பதினோரு வருஷமாக
ஜெனரேட்டர் வண்டி என்னுடையது.
தேருக்கு ஆறடி பின்னே
டீசல் புகைக்குள் நடக்கிறவன்.

எனக்குத் தெரிந்தது முதுகுதான்:
நீலச் சால்வையைப் பிடித்திருக்கும் ஊக்குகள்,
கிரீடம் சாயாமல் கட்டிய கம்பி,
யார் பார்க்கப் போகிறார்கள் என்று
பெயின்டர் எஸ்தாக்கி பூசாமல் விட்ட
பிடரியோரத்து வெறும் சுண்ணாம்பு.

ஜனங்கள் உப்பும் மிளகும் வீசுவார்கள்.
பாதிதான் தேரில் விழும்.
மீதி என் தலையில், காலருக்குள்;
சைலன்சரில் பட்டது பொரிந்து வெடிக்கும்.
யாருடைய மருவோ,
எந்தப் பிள்ளையின் கரப்பானோ,
ஜிப்மரில் மூன்று முறை சீட்டு வாங்கியும்
தீராத முழங்கால் வலியோ
விலாசம் தப்பி என்னிடம் வந்து சேரும்.

இந்த வருஷம் கடைத்தெரு முனையில்
கேபிள்காரப் பெலவேந்திரன்
மூங்கில் கழியால் ஒயர்களைத் தூக்கிப் பிடிக்க
தேர் மெல்ல நுழைந்தபோது
டீசல் குழாயில் காற்று புகுந்து
மெஷின் விக்கி நின்றது.

தெருக் கரண்ட்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள்.
சீரியல் பல்பு, மைக், எல்லாம் ஒரேயடியாய் அவிந்தன.
பேண்டுக்காரன் ஒருவன் மட்டும்
ஒரு சுரம் அதிகமாய் ஊதிவிட்டு
வெட்கப்பட்டு நிறுத்தினான்.

அப்போது
என் வண்டிச் சக்கரத்தை ஒட்டி ஒரு குரல்:
"அவனைத் திருப்பி அனுப்பு.
இல்லாட்டி செத்தான்னு சேதி அனுப்பு.
ரெண்டுல ஒண்ணு செய்.
கதவைத் தாப்பா போடாம
எத்தினி நாளு தூங்கறது..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.
செருப்பில்லாத கால். கையில் மெழுகுவர்த்தி,
சுடர் அவள் மூச்சில் படபடத்தது.
சுற்றிலும் இருபது பேர் கேட்டுவிட்டார்கள்.
ஒருத்தரும் திரும்பவில்லை.
திரும்பாமலிருக்கப் படாத பாடு பட்டார்கள்.

முன்னால் அத்தனை இடமிருக்க
சிலர் ஏன் வருஷா வருஷம்
என் புகைக்குள்ளேயே நடந்து வருகிறார்கள் என்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

நட்டைத் தளர்த்தினேன். விரலெல்லாம் டீசல்.
"பங்குச்சாமி கேக்கிறாரு, எவ்ளோ நேரமாவும்?"
உபதேசியார் மகன் ஓடிவந்தான்.
பதில் சொல்ல நேரமில்லை.
தேருக்கு வெளிச்சம் அப்புறம்.
முதலில் அவளுக்குச் சத்தம் வேண்டும்.

ஹேண்டிலை இரண்டு கையாலும் சுற்றினேன்.
மூன்றாவது சுற்றில் பிடித்தது.
பல்புகள் எரிந்ததும் கூட்டம் கைதட்டியது.
அவள் உதடு மறுபடி அசைந்தது.
நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி என் சட்டையை உதறிய அமலோற்பவி
தரையில் உருண்ட மிளகைப் பொறுக்கிக்கொண்டே
"ரசத்துக்கு ஆகும்" என்றாள்.
"வேணாம்" என்றேன்,
"வேற பேருக்கு வந்தது."