நாலு மாதப் பாதை

கன்னியாவில் நின்று காற்றுப் பார்த்தோம்.
"முன் சில்லுக்கு நாற்பது காணும்.
கூட அடிச்சா கிறவல் உன்னை உதறிப்போடும்"
என்றாள் ஃபர்ஹானா.
விடியுமுன் கிண்ணியாவிலிருந்து மிதித்து வந்தவள்,
முக்காட்டைத் தலைக்கவசத்துக்குள் செருகியபடி
வாழைப்பழம் ஒன்றை இரண்டே கடியில் முடித்தாள்.

நில அளவைக் கந்தோரில் கோடு கீறுகிறவன் நான்.
சைக்கிள் கழகம் கேட்டது ஒரு வட்டப் பாதை:
மூன்று குளம், ஒரு மலை, எழுபத்திரண்டு கிலோமீற்றர்,
தார் எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது.
மேசையில் கீற ஒரு பின்னேரம் போனது.

தார் முடியும் இடத்தில் பலகை எதுவும் இல்லை.
கைப்பிடிதான் முதலில் சொல்லும்,
விரலெலும்புக்குள் ஒரு முணுமுணுப்பாக.
பிறகு பற்கள்.
பிறகு பையில் கிடக்கும் திறப்புக் கோர்வை.

புதிதாய்க் கொட்டியது உருளும்; நம்பாதே.
லொறி ஓடி இறுகியதில் பறக்கலாம்.
மழைச்சேற்றில் யானை வைத்த காலடி
வெயிலில் காய்ந்து சட்டிசட்டியாய்க் கிடக்கிறது,
ஒவ்வொன்றிலும் முன் சில்லு விழுந்து எழும்புகிறது.
அதற்கப்பால் அரைக் கட்டைக்குச் சின்னச் சின்ன வரம்பு.
"பெருநாளுக்கு உம்மா றபான் தட்டுற மாதிரி"
என்று அவள் கத்தியது
துண்டு துண்டாய் வந்து சேர்ந்தது.

மலையில் நான் எழும்பி மிதித்தேன்.
பின் சில்லு நின்ற இடத்தில் சுழன்று
சிவப்புக் கல்லைத் துப்பியது.
"இரு! இருந்து மிதி!"
இருந்தேன். பாரம் பின்னுக்கு இறங்க
மண் பிடித்துக்கொண்டது.
உச்சியில் ஒரு வீரை மரம், அவ்வளவு நிழல்தான்.
கீழே மாசி மாத வயல் மஞ்சள்.
அதற்கும் அப்பால் கடலா வெயிலா என்று தெரியாத ஒரு கோடு.

பழைய வரைபடத்தில் இந்த இறக்கத்தருகே
'இடப்பக்கம் இறங்கவேண்டாம்' என்று
யாரோ பென்சிலில் எழுதியிருந்தான்.
ஏனென்று நாங்கள் இருவரும் கதைக்கவில்லை.
இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி
வலப்பக்கமாகவே இறங்கினோம்.

மூன்றாவது குளத்தில் பாதை
தண்ணீருக்குள் போனது.

திரும்பவில்லை, முடியவுமில்லை.
நேராக, அதே அகலத்தில்,
இரண்டு கரையிலும் பட்டுப்போன பாலை மரங்களோடு
உள்ளே இறங்கிப் போனது.
மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு காயவிட்டிருந்தன.
தொலைபேசியில் என் ஊதாக் கோடு
குளத்தின் நடுவால் ஓடி
அக்கரையில் ஏறிக்கொண்டிருந்தது.

யானை வேலி பார்க்கிற ரத்னசிறி
சோற்றுப் பொதியை மடித்துவிட்டு வந்தார்.
"கட்ட உசத்தினது. முந்தி பஸ் போன றோட்டு.
ஆவணியில வாங்க, இருக்கும்.
நாலு மாசம் பாதை. மத்த நாள் மீன்."
முதலை?
"இருக்கு. ஆனா இந்தப் பக்கம் வாறது குறைவு."

அந்தக் குறைவை நான் யோசித்து முடிப்பதற்குள்
ஃபர்ஹானா சப்பாத்தைக் கழற்றிக்
கைப்பிடியில் தொங்கவிட்டு
மிதித்தாள்.
வளையம் மறைந்தது. கம்பிகள் பாதி.
பெடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியது.
அச்சு நனையுமட்டும் போய்
ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"அடியில நல்ல இறுக்கம்" என்றாள், திரும்பாமலே.
"இண்டைக்கு ஓடினதில
இதுதான் திறமான கிறவல்."

வேறு வழி பதினொரு கிலோமீற்றர் சுற்று.
போகும்போது அவள் செயின் முழுக்கக் கீச்சிட்டது.

திங்கட்கிழமை கந்தோரில் குறிவிளக்கத்தைப் புரட்டினேன்.
ஒற்றையடிப் பாதைக்கு ஒரு கோடு,
கைவிட்ட பாதைக்கு வேறொரு கோடு,
பருவக் குளத்துக்கும் ஒரு நீலம் இருக்கிறது.
எட்டு மாதம் நனைந்து கிடந்து
இறுகுகிற பாதைக்கு ஒன்றும் இல்லை.

சுற்றுவழியைக் கீறி எண்பத்துமூன்று என்று எழுதினேன்.
அழிப்பான் துகளோடு
நகக்கண்ணிலிருந்து சிவப்பு மண்ணும் விழுந்தது.
பழைய கோட்டை அழிக்காமல் விட்டேன்.
அதன் பக்கத்தில், பென்சிலில்:
எழுபத்திரண்டு,
தண்ணீர் விட்டால்.